குற்றுயிராய்க் கிடந்தவரும் நாமும்

(நமது மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவினருக்கும் நடைபெற்ற பயிற்சி நாளின் காலை ஆராதனையில், மருத்துவமனைக் குருவானவர் அளித்த செய்தி. ஊழியத்தைத் தாங்கிவரும் அன்பர்களின் பார்வைக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



இரவு டியூட்டி முடித்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சிலரைப் பார்க்கிறோம். கண் அயர்ந்தால் கோபிக்கமாட்டோம்.

லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளியில் நாடகமாகவே போட்டிருப்பீர்கள். எல்லாப் பிள்ளைகளும் சமாரியனாகத்தான் நடிக்க வேண்டும் என்று சண்டை போடுவார்கள். கழுதையாக நிற்க ஒருவரும் வரமாட்டார்கள். தரையில் கிடக்கிறவன் வேடத்துக்கோ, வசனம் தெரியாத சின்னப் பையன் ஒருவனைப் பிடித்துப் படுக்க வைத்துவிடுவோம். இன்று அந்தப் பையன் இடத்தில் கிடப்பவரைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

கள்ளர் அவனை அடித்தது மட்டுமல்ல, அவன் உடையையும் உரிந்துகொண்டு போனார்கள். உடையைப் பார்த்தால் இன்னார் என்று தெரிந்துவிடும். பேச்சைக் கேட்டால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். உடையுமில்லை, பேச்சுமில்லை. அவன் யார், என்ன ஜாதி, எந்தச் சபை, கையில் காசு உண்டா என்று எதுவுமே தெரியாத நிலையில்தான் சமாரியன் அவன் கிட்ட வந்தான். உங்களிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள்.

காயம் எங்கே இருக்கிறது என்று பார்க்க நீங்களும் கத்தரியால் உடையை வெட்டுகிறீர்கள். அது தேவையான வேலை. ஆனால் கள்ளரும் உரித்தார்கள், நாமும் உரிக்கிறோம். நாம் திரும்ப மூடவேண்டும்; வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பார்த்து முடித்த உடனே போர்வையை இழுத்து மூடுங்கள். இதில் மருத்துவமும் இருக்கிறது என்று டாக்டர்மார் சொல்வார்கள். இரத்தம் இழந்தவரின் உடம்பு குளிர்ந்துபோனால் இரத்தம் உறைவது தாமதப்படும், கசிவு நிற்காது. அன்பர்கள் அனுப்பிய பருத்திப் போர்வைகள் அலமாரியில் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருப்பதைப் பார்த்தோம். புதுசாயிற்றே என்று பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். அவை இரத்தம் படுவதற்காகவே அனுப்பப்பட்டவை. சாலையிலும் ஒரு போர்வையை இருவர் பிடித்து மறைத்தால், செல்போனில் படமெடுக்கும் கூட்டத்திற்கு வேலை இல்லாமல் போகும்.

இப்போது ஒரு காரியத்தை அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. உங்களில் மூத்தவர்கள் சிலருக்கு இது நினைவிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திருவிழா இரவில், பேருந்து நிலையத்தில் விழுந்துகிடந்த ஒருவரை நமது வண்டியில் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். சாராய நெடி. வேட்டி நனைந்திருந்தது. உளறினார், கையை ஓங்கினார். அன்று விபத்துக் கேஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. “குடிகாரன், தெளியட்டும்” என்று யாரோ சொன்னார்கள். வராண்டாவில் ஸ்ட்ரெச்சரோடு ஓரம் தள்ளி வைத்தார்கள். தனி வார்டில் ஒரு சபை மூப்பருக்காக ஜெபிக்க, சிற்றாலயத்திலிருந்து நாங்கள் இருவர் அந்த வழியாகத்தான் போனோம். பார்த்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனோம்.

முக்கால் மணி நேரம் கழித்து, பயிற்சியில் இருந்த ஒரு சிஸ்டர் அவருடைய ஈரத் துணியை மாற்றப் போயிருக்கிறார். சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை அட்டை இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் குடித்திருக்கிறார். குடித்தது உண்மை. ஆனால் அவரைத் தரையில் தள்ளியது இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள். சில நிமிஷங்களில் கண் விழித்து, முதலில் தம் வேட்டி எங்கே என்று கேட்டார். இன்னும் தாமதித்திருந்தால் மூளை பாதிக்கப்பட்டிருக்கும், உயிரே போயிருக்கவும் கூடும் என்றார் டாக்டர்.

விடியற்காலம் அவர் மனைவி தேடிக்கொண்டு வந்தார். வாசலில் இருந்தவர், “அந்தக் குடிகாரனா?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள், “ஆமாய்யா, அந்தக் குடிகாரந்தான். எம் புருஷன்” என்றார். ஜெபித்துவிட்டுத் திரும்பிய நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஆசாரியன் ஏன் விலகிப் போனான் என்பதற்கு, நாங்கள் செமினரியில் படித்த காலத்தில் ஒரு விளக்கம் சொல்வார்கள். பிரேதத்தைத் தொட்டால் தீட்டு, ஆலயப் பணி கெட்டுவிடும் என்று பயந்தானாம். ஆனால் அவன் எருசலேமுக்கு ஏறிப் போகவில்லை, அந்த வழியாய் இறங்கித்தான் வந்தான். ஆலயத்தில் அவனுக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். சாக்குச் சொல்லவும் இடமில்லை. அந்த வராண்டாவைக் கடக்கும்போதெல்லாம் அது எங்களுக்கு ஞாபகம் வருகிறது.

ஆகவே பிரியமானவர்களே, இகழ்ச்சி சுபாவக் குறை மட்டுமல்ல, அது நோயையே மறைத்துவிடுகிறது. “குடிகாரன்” என்ற ஒரு வார்த்தை அந்த இரவில் நம் எல்லாருடைய கண்ணையும் கட்டிவிட்டது. தலையில் அடிபட்டவரும் குடித்தவரைப் போலத்தான் உளறுவார்.

விஷம் குடித்து வருகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். “சாகணும்னா வேற எடம் கெடைக்கலியா” என்று ஸ்ட்ரெச்சரில் வைத்தே திட்டுவதை எங்கள் காதாலேயே கேட்டிருக்கிறோம். அப்படி வருகிறவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. அரசாங்கமே இவ்வளவு இரக்கம் காட்டும்போது மிஷன் ஆஸ்பத்திரியில் நாம் திட்டலாமா? நமது டிரைவர் ஒருவர் இப்படிப்பட்ட ஒரு பெண்ணை ஏற்றி வரும்போது, “ஒன் பேர் என்ன தங்கச்சி? யாருக்குச் சொல்லணும்?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாராம். பிழைத்தெழுந்த அந்தப் பெண் டாக்டர்மாரையெல்லாம் மறந்துபோய், “அந்த அண்ணன் எங்கே?” என்று கேட்டாள்.

பெயரைக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கும் காது கேட்கக்கூடும். ஊசி போடுமுன் “கையில குத்தப்போறேம்மா” என்று சொல்லுங்கள். அழுக்கு வேட்டிக்காரரையும் “ஐயா, பெரியவரே” என்று கூப்பிடுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். எந்தத் தெரு என்று துருவ வேண்டாம். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். முகவரியைப் பதிவு மேஜையில் எழுதிக்கொள்வார்கள். தாலியைக் கழற்ற வேண்டிவந்தால் சொல்லிவிட்டுக் கழற்றி, கவரில் போட்டு, உறவினரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். உயிர் போய்விட்டால், வீட்டார் காதுபட “பாடி” என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்வரை அவர் “அப்பா”வாக இருந்தார்.

தூக்கிக்கொண்டு வந்த ஆட்டோக்காரரையும் குற்றவாளி மாதிரி நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். உதவ வந்தவரைத் தம் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தாமல் காக்க, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த தடவையும் அவர் வண்டியை நிறுத்துவார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எருசலேமில் பரிசுத்த யோவான் பெயரால் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே ஊழியம் செய்த துறவிகள் நோயாளிகளைத் தங்கள் எஜமான்கள் என்றே அழைத்தார்கள். நம் முதலுதவிப் பெட்டிகள் சிலவற்றில் இருக்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸின் எட்டு முனைச் சிலுவை, அவர்கள் வழியாக வந்ததுதான்.

இதெல்லாம் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குச் சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயந்தான். உங்கள் மேல் துப்புகிறார்கள், அடிக்கிறார்கள், வண்டி தாமதமாக வந்ததென்று கண்ணாடியை உடைக்கிறார்கள். அப்படிப்பட்ட இரவு முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், சிற்றாலயத்துக்கு வந்து ஐந்து நிமிஷம் உட்காருங்கள். கதவு பூட்டுவதில்லை. நாங்கள் ஒன்றும் பிரசங்கம் பண்ணமாட்டோம், டீ வாங்கித் தருகிறோம்.

மணி எட்டரை ஆகிறது. கழுத்துப் பட்டை மாட்டுவதைக் காட்ட டாக்டர் அம்மா வந்துவிட்டார்கள். எழுந்து நிற்போம். நேற்று இரவு நாம் இறக்கிவைத்தவர்களின் பெயர்களை, தெரிந்தவரையில், ஒவ்வொருவராகச் சொல்லி ஜெபிப்போம்.