'அது' என்று சொன்ன தங்கை

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காஃப்காவின் 'உருமாற்றம்' உங்களில் பலர் படித்த கதைதான். 1912-இல் எழுதி 1915-இல் அச்சானது. ஊர் ஊராகப் போய்த் துணி விற்கிற கிரகோர் ஒருநாள் காலையில் பெரிய பூச்சியாகக் கண் விழிக்கிறான். அப்பா-மகன் சண்டை, ஆபீஸ் கெடுபிடி என்றுதான் இதைப் பற்றிப் பேசுவாங்க. எனக்கென்னவோ இது அண்ணன் தங்கை கதை.

தங்கை கிரேட்டாவுக்கு வயது 17. அண்ணன் பாலைத் தொடவில்லை என்றதும், அழுகின காய், எலும்பு, பழைய பாலாடைக்கட்டி என்று பலதையும் பழைய பேப்பரில் பரப்பி வைக்கிறாள். எது பிடிக்கிறதோ, சாப்பிடட்டும்! அவனுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. அவளை வயலின் படிக்க இசைக் கல்லூரியில் சேர்க்கணும், கிறிஸ்துமஸ் அன்றைக்கு அதை வீட்டில் சொல்லணும் என்று.

மாதங்கள் போகின்றன. அதே தங்கைதான், அதைத் தொலைத்தாக வேண்டும் என்று முதலில் வாய் திறக்கிறாள். 'அதை' என்கிறாள், கவனியுங்க. நம்ம பக்கம் நேற்று ராத்திரி வரைக்கும் 'அண்ணன்', விடிந்தால் 'பாடியை எப்ப எடுக்கறாங்க?' அங்கே உயிர் இருக்கும்போதே அண்ணன் 'அது' ஆகிவிட்டான். செத்த பிறகோ, எவ்வளவு இளைத்துவிட்டான் என்று சொல்கிறாள். 'அவன்' திரும்பி வந்துவிட்டது!

இதைக் கல்நெஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன். துக்கம் முதல் நாளே வந்துவிட்டது. உட்கார்ந்து அழ ஒரு சாவு இல்லை. நீண்டநாள் நோயாளி என்று எழுதியிருந்தால் அவளைத் திட்டியிருப்போம், இல்லை தியாகி ஆக்கியிருப்போம். பூச்சி என்றதால் இரண்டும் முடியவில்லை.

காஃப்காவின் தம்பிகள் இரண்டு பேரும் கைக்குழந்தையிலேயே போய்விட்டார்கள். மூன்று தங்கைகளில் கடைக்குட்டி ஒட்லாதான் அவருக்கு உயிர். பிராக் கோட்டையடுத்த சந்தில் அவள் வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டில்தான் 1916-17 குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதினார். அவர் 1924-இல் இறந்தார். மூன்று தங்கைகளையும் பின்னால் நாஜிகள் கொன்றார்கள். 1943 அக்டோபரில், யாரோ பெற்ற யூதக் குழந்தைகளுக்குத் துணையாகத் தானே முன்வந்து ஆஷ்விட்ஸுக்கு ரயிலேறினாள் ஒட்லா.

மாணவர்களுக்கு ஒன்று. கிரகோர் செத்ததும் வீட்டார் டிராமில் ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், அறையை விட்டு வரும் மூன்று முகத்திலும் லேசாக அழுத தடம் இருக்கும். கிரேட்டா அப்பாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஒரே வரிதான். அவசரமாகப் படித்தால் தவறிவிடும்.