மின்கிதாரும் அதன் ஒலிபெருக்கியும்



இசைக்கும் விஞ்ஞானத்திற்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவோர் வீணையின் தந்தியையும் புல்லாங்குழலின் துளையையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் புதியது. மின்கிதாருக்கு ஏற்ற ஒலிபெருக்கியை, அதாவது ஆம்பிளிபயரை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அதில் பழுது நேர்ந்தால் எவ்வாறு கண்டறிவது என்பதே அது. பள்ளி ஆண்டு விழாவிலும் கல்லூரி மெல்லிசைக் குழுவிலும் இக்கருவி இன்று இடம்பெற்றுவிட்டது. அதை வாசிப்போர் பலர். அப்பெட்டிக்குள் நடப்பதை அறிந்தோர் சிலர். அறியாமையால் பெற்றோரின் பணம் வீணாவதும் உண்டு. உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு.

முருகன் திருக்கோயிலால் பெயர்பெற்ற திருத்தணியில் வாழும் ஒருவர் மின்கிதாரைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் வினவக்கூடும். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடியது எங்கள் தணிகை மலையில் என்பது இசையுலகம் போற்றும் மரபு. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர்தாம் ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு உரிய கருவியாக ஆக்கிய முன்னோடி. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அயல் கருவியை ஏற்பது நமக்குப் புதிதன்று.

அவ்வழியில் அண்மைக் காலத்தில் வந்தவர் மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ். 1969-இல் ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னையில் புகழ்பெற்று, 2014-இல் மறைந்தார். தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும் எங்கள் எல்லைப்புறத்தில் அவரை இருசாராரும் தம்மவர் என்றே கொண்டாடினர். மேனாட்டு மாண்டலினில் தந்திகள் இணை இணையாக அமைந்திருக்கும். மீட்டிய ஒலி விரைவில் மறைந்துவிடும். ஒரு கமகம் முடிவதற்குள் நாதம் தேய்ந்துவிட்டால் இராகம் எங்ஙனம் நிற்கும்? அவர் ஒற்றைத் தந்திகள் ஐந்தைக் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டார். தேய்ந்துகொண்டே போகும் அதிர்வையும் ஒலிபெருக்கி எடுத்து நீட்டிற்று. ஆர். பிரசன்னா போன்றோர் கிதாரில் கர்நாடக இசை வாசிப்பதற்கும் இவ்வசதியே துணை. ஆகவே ஒலிபெருக்கி என்பது சத்தத்தைக் கூட்டும் பெட்டி மட்டும் அன்று. அது வாத்தியத்தின் மறுபாதி. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் அது வேலை செய்யும் வகையைக் காண்போம். மின்கிதாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழையினும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. மாறும் புலம் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட விதியே இது. 1930-களில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷம்ப் என்பவர் இவ்விதியைக் கிதாருக்குப் பயன்படுத்தி, 1937-இல் காப்புரிமை பெற்றார். இவ்வாறு எழும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஒலிபெருக்கியின் முதற்பகுதி இதை வளர்க்கிறது. அடுத்த பகுதி கனத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் வேண்டியவாறு கூட்டிக் குறைக்கிறது. இறுதிப் பகுதி ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வலிமையைத் தருகிறது. தந்தி, பிக்கப், கம்பி, முதற்பகுதி, இறுதிப் பகுதி, ஸ்பீக்கர் என்னும் இந்தச் சங்கிலியை மறவாதீர்கள்.

இனித் தேர்வுக்கு வருவோம். கடைக்குச் செல்லும் இளைஞர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்பதே. நூறு வாட் பெட்டி ஐம்பது வாட் பெட்டியைப் போல் இருமடங்கு உரக்க ஒலிக்கும் என்று அவர் எண்ணுகிறார். அது பிழை. வாட்டை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். செவிக்கு அது சிறிதளவு உயர்வாகவே தோன்றும். இருமடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டில் பயில்வதற்குப் பத்து வாட் தாராளம். டிரம்ஸ் முழங்கும் மண்டபத்திற்கு முப்பது முதல் ஐம்பது வாட் வரை வேண்டியிருக்கும். திறந்த வெளியில் திருவிழா மேடையாயின், பெரிய பெட்டி வாங்குவதைவிடச் சிறிய பெட்டியின் முன் ஒரு மைக்கை வைத்து மைக் செட்டுடன் இணைப்பதே சிக்கனம்.

அடுத்தது, வால்வா, டிரான்சிஸ்டரா என்னும் வினா. 1906-இல் லீ டி பாரஸ்ட் மூன்று முனை வால்வைக் கண்டார். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வானொலிப் பெட்டியை விட்டு வால்வு நீங்கிவிட்டது. கிதாரை விட்டு நீங்கவில்லை. தன் அளவுக்கு மீறி முடுக்கப்படும்போது வால்வு ஒலியலையின் முகட்டைப் பையப் பைய மழுக்குகிறது. டிரான்சிஸ்டர் அதைக் கத்தரித்தாற்போல் வெட்டுகிறது. மழுங்கிய அலையில் எழும் புதிய மேற்சுரங்களே ராக் இசையினர் விரும்பும் கரகரப்பு. ஆயின் வால்வுப் பெட்டி விலை மிக்கது, கனமானது, சூடேறுவது. டிரான்சிஸ்டர் பெட்டியோ மலிவானது, உழைப்பது. வால்வின் குணத்தைக் கணக்கிட்டுப் போலச் செய்யும் டிஜிட்டல் பெட்டிகளும் இன்று கிடைக்கின்றன. இராகமும் கமகமும் வாசிப்போர்க்கு வேண்டுவது கரகரப்பு அன்று, தெளிவு. அவர்கள் ஒலியைச் சற்று உயர்த்தினாலும் கலங்காத பெட்டியையே நாட வேண்டும்.

மூன்றாவது, ஸ்பீக்கர். கிதார் பெட்டியின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் குறைத்துவிடும். கரகரத்த ஒலியின் கூர்மையை அது தணிக்கிறது. அதே ஒலியை நேரே மைக் செட்டில் செலுத்தினால் தகரத்தைச் சுரண்டுவது போல் கேட்பதற்குக் காரணம் இதுவே. நான்காவது, ஓம் கணக்கு. எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருக்க, எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் மாட்டினால் நான்கு ஓம் ஆகிவிடும். டிரான்சிஸ்டர் சூடேறிக் கெடும். வால்வுப் பெட்டியையோ ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிடமும் இயக்கலாகாது. அதன் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோக நேரிடும்.

வாங்கும் நாளில் உங்கள் சொந்தக் கிதாரையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எல்லாத் திருகுகளையும் நடுவில் நிறுத்தி மெல்லவும் உரக்கவும் வாசித்துப் பாருங்கள். பின்னர்க் கிதாரின் ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு, பெட்டி தானாக எழுப்பும் இரைச்சல் எவ்வளவு என்று செவிகொடுங்கள். விலைச்சீட்டு சொல்லாத உண்மையை அந்த அமைதி சொல்லும்.

இனிப் பழுதறிதல். ஒரு பள்ளி ஆண்டு விழாவில், பாட்டுத் தொடங்கும் தறுவாயில் கிதார் ஊமையாயிற்று. நான்கு மாணவர்கள் ஒரே சமயத்தில் எல்லாத் திருகுகளையும் திருப்பினார்கள், பயன் இல்லை. பின்வரிசையிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவர்களை விலகச் சொல்லி, கம்பியை மட்டும் மாற்றிப் பார்த்தாள். கிதார் பேசிற்று. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதே அவள் பின்பற்றிய விதி. சோதனைச்சாலையில் நாம் கற்பிக்கும் விதியும் அதுவே அன்றோ?

ஒலியே இல்லையெனில், விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லையெனில் குற்றம் பிளக், சுவிட்ச், பியூஸ் ஆகியவற்றில் இருக்கலாம். எரிகிறதெனில் சங்கிலியை இரண்டாகப் பிரியுங்கள். ஹெட்போன் மாட்டும் இடம் இருப்பின் அதில் கேளுங்கள். அங்கே ஒலி வந்தால் ஸ்பீக்கரையும் அதன் இணைப்பையும் ஐயுறுங்கள். வராவிடில் முன்பகுதியில் தேடுங்கள். வேறு கம்பி, வேறு கிதார் என ஒவ்வொன்றாக மாற்றினால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அது கம்பியின் நுனியில் விட்டுப்போன ஈயப்பற்றாகவே இருக்கும்.

உறுமல் கேட்கிறதெனில் கிதாரின் ஒலித் திருகை மூடுங்கள். உறுமல் நின்றால் அது பிக்கப் வழியே வந்தது. நீங்கள் நிற்கும் திசையை மாற்றினால் அது கூடிக் குறைவதையும் காணலாம். மூடிய பின்னும் நீடித்தால் பெட்டிக்குள் குற்றம். இதற்குச் செவியாலேயே ஒரு சோதனை உண்டு. நமது மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்வது. பெட்டிக்குள் அதை ஒருமுகமாக்கும்போது நொடிக்கு 100 ஏற்ற இறக்கம் உண்டாகிறது. கிதாரின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டை அழுத்தி மீட்டினால் 98 அதிர்வு. உறுமல் அச்சுரத்தோடு ஏறத்தாழ ஒன்றினால், ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கண்டென்சர் முதுமை அடைந்திருக்கலாம் என்று ஐயுறலாம். அதைத் திறந்து பார்ப்பது பழகிய மெக்கானிக்கின் பணி. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் வால்வுப் பெட்டியின் கண்டென்சரில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும்.

திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அங்கே தூசி. கம்பியை அசைக்கும்போது கரகரத்தால் இணைப்பில் முறிவு. வீலென்று ஊளையிட்டால், ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் கிதாரில் புகுந்து சுழல்கிறது என்று பொருள். விலகி நில்லுங்கள், ஒலியைக் குறையுங்கள்.

இறுதியாக, மிகவும் இன்றியமையாத ஒன்று. உறுமலைப் போக்குவதற்காகப் பிளக்கின் தடித்த முனையை, அதாவது எர்த் முனையை, மாட்டாமல் விடுவோர் உண்டு. இது பழுது நீக்கல் அன்று, கொலைப் பொறி. கிதாரின் தந்திகள் கம்பி வழியே எர்த்துடன் இணைந்துள்ளன. எர்த் இல்லாத மைக்கில் மின்சாரம் கசிந்தால், மைக்கில் உதடும் தந்தியில் கையும் படும் கணத்தில் அது மார்பின் ஊடே பாயும். 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் இளம் கிதார் கலைஞர், சரியான எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் துறந்தார். நமது ஊர்களில் ஆபத்து இன்னும் மிகுதி. ஆடிக் கிருத்திகையாகட்டும், மார்கழி பஜனையாகட்டும், கோயில் முன்னுள்ள மேடையில் நாம் வெறுங்காலுடன் நிற்கிறோம்; தரையோ மழையால் நனைந்திருக்கும். ஆகவே நிகழ்ச்சிக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதியுங்கள். மின்கசிவுத் தடுப்பான் பொருத்தப்பட்ட இணைப்பையே கேளுங்கள். கிதார் பெட்டியையும் மைக் செட்டையும் ஒரே இணைப்புப் பலகையில் மாட்டுங்கள். அதனால் உறுமலும் பெரும்பாலும் குறையும். பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே இடுங்கள். வெறும் கம்பியைச் சுற்றாதீர்கள். ஐயம் தீரவில்லையெனில், "இன்று வாசிக்க மாட்டேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும். சபை ஒரு பாட்டை இழப்பது பெரிதன்று.

மாணவர்களே, நல்ல கருவி என்பது விலையால் ஆவதன்று. அதை அறிந்து ஆள்பவரால் ஆவது. செவியால் கேளுங்கள், சங்கிலியை நினையுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எர்த்தைக் காத்துக்கொள்ளுங்கள். நாதமும் நலமும் உங்களுக்குக் கைகூடும்.