சந்திர கிரகணமும் கர்ப்பஸ்திரீகளும்



2025-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி பூரண சந்திர கிரகணத்தன்று, நம் குலத்தார் இல்லங்கள் சிலவற்றில் கர்ப்பஸ்திரீகளை இருட்டறையில் இருத்திக் கதவடைத்தோம். இரவு 9.57 முதல் 1.26 வரை, தாகமென்று அவர்கள் இரந்தும் ஒரு வாய் தண்ணீர் ஈந்தோமில்லை. அரிவாள்மணையைத் தொட்டால் சிசு ‘கிரகண மூளி’யாய்ப் பிறக்குமென்பது நம் பாட்டிமார் கூற்று. மேலுதடு பிளத்தலோ, கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் முகத்தின் பாகங்கள் சரிவர இணையாமையால் நேர்வது.

சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அந்நிழலைக் கணித்தன்றோ கிரகண வேளையை முன்னறிகிறோம்! பாத்திரத்தில் தர்ப்பை இடுவோர் இடுக. அதில் நமக்கு வழக்கில்லை. 2028 டிசம்பர் 31 இரவு பூரண கிரகணம் நம் நாட்டில் தென்படும். அன்றேனும் கருவுற்ற நம் பெண்மக்களுக்கு வேளை தப்பாது அன்னமும் நீரும் அளித்து, அறைக்கதவைத் திறந்து வைப்போமாக.