கரு ஒட்டாததற்கு மாடிப்படி காரணமல்ல



ஐ.வி.எஃப். சிகிச்சையில் கருவைக் கருப்பையில் வைத்த நாள்முதல் ரத்தப் பரிசோதனை வரை ஏறக்குறைய இரண்டு வாரம். அதுவரை பல வீடுகளில் பெண்ணைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. பரிசோதனையில் 'இல்லை' என்று வந்துவிட்டால், "அன்னிக்கு மாடிப்படி ஏறினியே!" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஏற்கெனவே உடைந்துபோயிருப்பவள் அந்தப் பழியையும் சுமக்கிறாள்.

அது வீண்பழி. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டபடிதான் இருக்கின்றன. எழுந்து நடப்பதால் கரு நழுவி விழுந்துவிடாது. படுத்தே கிடப்பதால் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம்களில் உள்ள கோளாறு. பெண்ணின் வயது 35-ஐத் தாண்டியபின் அது வேகமாகக் கூடுகிறது. அதில் அவள் செய்த தவறு எதுவும் இல்லை.

இதேபோல் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கருப்பையின் உள்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று நம்பி, உலகெங்கும் பல ஆண்டுகள் அப்படிச் செய்தார்கள். நியூசிலாந்து ஆய்வாளர்கள் தலைமையில் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களிடம் இதைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சுரண்டிக்கொண்டவர்களில் 26.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. சுரண்டாதவர்களிலும் அதே 26.1 சதவீதம்! வலியும் செலவும்தான் மிச்சம்.

அப்படியானால் எதுதான் உதவும்? கருக்குழாய் அடைபட்டு நீர் கோத்திருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். ஸ்கேனில் அது தெரிந்தால், கரு வைக்கும் முன்பே குழாயை அகற்றுவதோ அடைத்துவிடுவதோ வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டுகிறது. கருப்பைக்குள் துருத்தி நிற்கும் கட்டியையும் முதலிலேயே கவனிக்க வேண்டும். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபடி, மென்மையான குழாயால் கருவை வைப்பதும் பலன் தருகிறது. புரோஜெஸ்ட்ரான் மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. புகைப்பழக்கத்தைக் கணவரும் விட வேண்டும்.

புதிதாக ஒரு ஊசியோ பரிசோதனையோ சொன்னால், "இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று நிரூபணம் இருக்கிறதா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவு எப்படி வந்தாலும், அந்த இரண்டு வாரத்துக்கு அவளிடம் கணக்குக் கேட்காதீர்கள்.