சர்வர் இல்லேன்னா சட்டமும் இல்லையா?

(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



வயல் வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றோம்.

நம்ம ஊர்ல ஒரு பெரியம்மா. ஒன்றரை ஏக்கர் நிலம். நாற்பது வருஷமா நாத்துப் பறிச்சு, நட்டு, களையெடுத்த கை. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா வர்ற பிரதமர் கிசான் பணம் அவங்களுக்கு நின்னுபோச்சு. கம்ப்யூட்டர் சென்டர்ல கைரேகை வைக்கச் சொன்னாங்க. பதியலை. எலுமிச்சம்பழம் தேய்ச்சுட்டு வாங்கன்னாங்க. தேய்ச்சாங்க, அப்பவும் பதியலை. சரி, போனுக்கு ஓடிபி வரும்னாங்க. போன் நம்பர் மகனோடது. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஷிப்ட்டுல நிக்கிறான். அவன் வெளியே வந்து நம்பரைப் பார்த்துச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. இப்படி நாலு நடை. பஸ் காசும் போச்சு, நாலு நாள் கூலியும் போச்சு. கடைசியில கிடைச்ச பதில், "நாங்க என்னம்மா செய்யறது, மிஷின் ஏத்துக்கலையே!"

ரேகை எங்கே போச்சு? சேத்துலயும் உரத்துலயும் கருக்கரிவாள் பிடியிலயும் தேய்ஞ்சுபோச்சு. உழைச்ச கையைப் பார்த்து, நீ யாருன்னே தெரியலைங்குது மிஷின்.

கம்ப்யூட்டரே வேண்டாம்னு சொல்ல நாம வரலை. அந்தக் காலத்துல எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னும் சொல்லலை. ஒரு சிட்டா வாங்க எத்தனை நடை நடந்தோம், எத்தனை பேர் கையில காசு வச்சோம்னு நமக்குத் தெரியும். இன்னைக்கு அது ஆன்லைன்ல கிடைக்குதுன்னா நல்லதுதான். நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணு. மிஷின் தப்பு செஞ்சா, பதில் சொல்ல வேண்டிய மனுஷன் யார்?

மிஷின் வந்தா முறைகேடு ஒழியும்னாங்க. 2020-ல் என்ன நடந்தது? இதே கிசான் திட்டத்துல, தமிழ்நாட்டுல லட்சக்கணக்குல தகுதியில்லாத பேரை கம்ப்யூட்டர் வழியாவே சேர்த்துட்டாங்க. சிபிசிஐடி விசாரணை வரைக்கும் போச்சு. போலிக்குக் கதவு திறந்த மிஷின், பெரியம்மாவுக்குத் திறக்க மாட்டேங்குது.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 நோட்டு செல்லாதுன்னாங்க. ஆறாவது நாள், நவம்பர் 14-ந் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு. நாம கணக்கு வச்சிருந்ததே அங்கேதான். முகம் தெரிஞ்ச இடத்தையெல்லாம் ஒதுக்கிட்டு, முகமே இல்லாத இடத்துல நம்மளைக் கொண்டுபோய் நிறுத்துறாங்க.

நெல்லுக்கும் அதே கதைதான். கொள்முதலுக்கு ஆன்லைன் பதிவு, அப்புறம் டோக்கன், அப்புறம் தேதி. மழைக்குத் தெரியுமா டோக்கன் தேதி? விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதம். மழையில நனைஞ்சு அது கூடிப்போனா, தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதணும். பதில் வர்ற வரைக்கும் நெல் ரோட்டுல முளைச்சுக் கிடக்கும்.

இன்சூரன்ஸைப் பாருங்க. 2016-லிருந்து பிரதமர் பயிர் காப்பீடு. சம்பாவுக்கு 1.5 சதவீதம் பிரீமியம் கட்டுறோம். பணம் ஏன் வரலைன்னு வேளாண்மை ஆபீஸ்ல கேட்டா, கம்பெனியைக் கேளுங்கறாங்க. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டா பாட்டுத்தான் கேக்குது.

குத்தகை விவசாயி நிலைமை இன்னும் மோசம். பட்டா அவர் பேர்ல இல்லை. அதனால கிசான் பணமும் இல்லை. வெயில்ல காயறது அவர், கம்ப்யூட்டர்ல இருக்கிறது நிலத்துக்காரர் பேர்.

நம்ம கைரேகை அவங்ககிட்ட இருக்கு. கருவிழி, நிலம், கணக்கு, போன் நம்பர் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. நமக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி பேரு மட்டும் நம்மகிட்ட இல்லை!

சட்டம் நம்ம பக்கம் இல்லாம இல்லை. ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ல் தீர்ப்பு சொன்னது. கைரேகை பொருந்தலைங்கற ஒரே காரணத்துக்காக, தகுதியுள்ளவருக்கு உதவியை மறுக்கக் கூடாது, வேற வழியில அடையாளத்தைச் சரிபார்க்கணும்னு அதுல இருக்கு. சர்வர் இல்லேன்னு சொல்லலாம், சட்டம் இல்லேன்னு சொல்ல முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. கைரேகையோ ஓடிபியோ வேலை செய்யாத இடத்தில், அன்றைக்கே வேறு ஆவணம் பார்த்து, பதிவேட்டில் எழுதி வேலையை முடித்துத் தர வேண்டும்.

2. திருப்பி அனுப்பினால் காரணம், தேதி, அதிகாரி பெயர், கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. கொள்முதல் நிலையத்தில் நெல் வந்து சேர்ந்த வரிசைப்படி எடுக்க வேண்டும். ஆன்லைன் தடங்கலைக் காட்டி நிறுத்தக் கூடாது.

4. குத்தகை சாகுபடியாளரை விவசாயியாகப் பதிவு செய்து, எல்லா உதவிகளும் தர வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும்னு சும்மா உட்கார வேண்டாம். நாளையிலிருந்து எந்த ஆபீஸ்லயும் வெறுங்கையோட திரும்பாதீங்க. "எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. கொடுக்கலைன்னா தேதியையும் நேரத்தையும் குறிச்சுக்குங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு கொடுத்து ரசீது வாங்குங்க. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தோட, 'என் பணம் ஏன் நின்றது' என்று கேட்டால், பொதுவாக 30 நாளைக்குள்ள பதில் தந்தாகணும். எழுதத் தெரியாதவங்க சங்கத்துக்கு வாங்க, நாம எழுதித் தர்றோம்.

ஒருத்தர் கேட்டா நாளைக்கு வான்னு சொல்லுவாங்க. ஊரே சேர்ந்து கேட்டா, நாற்காலியில இருக்கிறவர் எழுந்து வெளியே வந்துதான் ஆகணும். தாலுகா ஆபீஸ் ஆர்ப்பாட்டத்துக்கு அந்தப் பெரியம்மாவும் வர்றாங்க. ரேகை தேய்ஞ்ச கைகள் எல்லாம் உயரட்டும்!

குடும்பத்தோடு திரண்டு வாரீர்!