சிங்கப்பூர் நாலு மணி நேரம், சீயமங்கலம் எத்தனை மணி நேரம்?

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தீங்க: "சென்னை டு சிங்கப்பூர் எவ்வளவு தூரம், ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்?" சுமார் 2,900 கிலோமீட்டர். நாலு, நாலேகால் மணி நேரம். கூகுள் இதைத்தான் சொல்லும். நானும் ஒரு தடவை இதையே நம்பித்தான் மாட்டிக்கிட்டேன்.

எங்க ஊர் சீயமங்கலம். செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம். மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக்கோயில் இருக்கிற ஊர்னு சொன்னா சிலருக்குத் தெரியும். அங்கதான் எங்க ஆயா ஒரு நாள் ராத்திரி 10 மணிக்குத் தவறிட்டாங்க. அண்ணன் சிங்கப்பூர்ல. ஆயா வளர்த்த பிள்ளை. அவன் வராம எடுக்கக் கூடாதுன்னு அம்மா ஒரே அழுகை. "எத்தனை மணிக்குப்பா வருவான்?"னு பெரியவங்க எல்லாரும் என்னையே பாக்குறாங்க. படிச்சவன் இல்லையா!

அண்ணன் டிக்கெட்டை அனுப்பினான். காலை 9:00 புறப்பாடு, 10:45 சென்னை. சித்தப்பா எட்டிப் பார்த்துட்டு, "ஒன்னேமுக்கால் மணி நேரம்தானே"ன்னார். அது நேர வித்தியாசம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மளைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். ரெண்டையும் கூட்டினா நாலேகால். இதையெல்லாம் அவருக்கு அழகா விளக்கிட்டு, "12, 12:30-க்கு வந்துடுவான்"னு சொல்லிட்டேன். ஒரு மணிக்கு எடுக்கறதுன்னு முடிவாச்சு.

இங்கதான் தப்பு. விமானம் மணிக்கு 850, 900 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும். அப்படிப் பார்த்தா 2,900 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா டிக்கெட்ல போடுறது பறக்குற நேரம் மட்டும் இல்லை. கேட்டை விட்டு நகர்றதுலேர்ந்து, இந்தப் பக்கம் கேட்ல வந்து நிக்கிற வரைக்கும். ஓடுபாதை வரிசை, மேலே ஏறுறது, இறங்கக் காத்திருக்கிறது எல்லாம் அதுல அடக்கம். லண்டன் மாதிரி தூரம்னா காத்தும் சேரும். மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கிற உயரக் காத்து வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும். அதனாலதான் சென்னையிலேர்ந்து லண்டன் போக ஆகுற நேரத்தைவிட, திரும்பி வர்ற நேரம் குறைவு.

ஆனா எந்த டிக்கெட்லயும் மீனம்பாக்கம் டு சீயமங்கலம் இருக்காது. இமிகிரேஷன் முடிஞ்சு அண்ணன் வெளிய வர்றப்பவே 11:40. அப்புறம் தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், வந்தவாசி, தேசூர். ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். ஆனா அன்னிக்கு முகூர்த்த நாள், பெருங்களத்தூர்லயே கார் நின்னுடுச்சு.

ஒரு மணிக்குப் பறை நின்னுது. "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்"னு பங்காளிங்க ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை லொகேஷன் பார்க்கிறேன். யார் முகத்தையும் பார்க்க முடியலை. நான் சொன்ன நேரம்தானே அது. "இருக்கட்டும், அவன் வரட்டும்"னு கடைசியில சொன்னது அதே சித்தப்பாதான்.

3:20-க்கு அண்ணன் வந்து இறங்கினான். சேதி போனதிலிருந்து 17 மணி 20 நிமிஷம். அதுல விமானத்துக்குள்ள நாலேகால்.

இப்பல்லாம் ஊர்ல யார் கேட்டாலும் இறங்குற நேரத்தோட அஞ்சு மணி நேரம் கூட்டித்தான் சொல்றேன். முகூர்த்த நாளா இருந்தா ஆறு.