கைமாத்தாகக் கொடுக்கக் கூடாத மாத்திரை

(சைதாப்பேட்டையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. சமையலுக்கு நேரமாச்சு என்று சிலர் எழுந்திருப்பது தெரிகிறது. ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு பாட்டியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் எரிச்சல் தாங்காமல் தவித்தவருக்கு, ராத்திரி படுக்கும் முன் போட ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அட்டையோடு வைக்காமல், உதிர்த்து, வெற்றிலை பாக்கோடு சுருக்குப் பையில் போட்டு வைத்திருந்தார். இரண்டு வயசுப் பேரன் மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எத்தனை என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்த நம் உறுப்பினர் ஓடிவந்து, "அதெல்லாம் குடுக்காதீங்க, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கிட்டு ஆட்டோல ஏறுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ராத்திரி முழுக்க இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். பிள்ளை பிழைத்தான்.

மறுநாள் பாட்டி கேட்ட கேள்விதான் எங்களை இங்கே பேச வைத்தது. "கால் எரிச்சலுக்குத்தானே குடுத்தாங்க, அது எப்படிம்மா நெஞ்சைப் பிடிக்கும்?"

நாங்கள் டாக்டர்கள் இல்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

இது என்ன மாத்திரை?

அந்த மாத்திரையின் பெயர் அமிட்ரிப்டிலின். இமிப்ரமின், நார்ட்ரிப்டிலின் எல்லாம் இதே குடும்பம். டிரைசைக்ளிக் வகை என்பார்கள். மருந்தின் அமைப்பில் மூன்று வளையம் இருப்பதால் அந்தப் பெயர். மனச்சோர்வுக்காக வந்த மருந்துகள் இவை. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மருத்துவர் இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதை 1957-ல் எழுதினார். அமிட்ரிப்டிலின் 1961-ல் விற்பனைக்கு வந்தது. இன்றும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பழைய மருந்து, விலையும் குறைவு, நல்ல மருந்தும்கூட.

மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் சேதி கொண்டுபோகும் பொருள்கள் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் இது தடுக்கிறது. அதனால் மனச்சோர்வு குறைகிறது. நரம்பு வலியும் குறைகிறது. ஆகவே சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்கவும் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். உங்களுக்கு இதைக் கொடுத்தால் "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க" என்று பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கே கொடுத்திருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.பி. மாதிரி அதுவும் ஒரு வியாதிதான்.

என்ன எதிர்பார்க்கலாம்?

தூக்கக் கலக்கம், வாய் உலர்வது, மலச்சிக்கல், பார்வை மங்கல், எடை கூடுவது, எழுந்தால் தலைசுற்றல் இவை வரலாம். பல பேருக்கு முதல் நாளிலேயே கலக்கம் தெரியும். ஆனால் மனச்சோர்வு குறைய இரண்டு முதல் நான்கு வாரம், சில பேருக்கு இன்னும் அதிகம் ஆகும். இந்த இடைவெளியில்தான் நம் பெண்கள் "தொந்தரவுதான் மிச்சம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்திருங்கள், தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள்.

விடியற்காலையில் இட்லிக் கடை போடுகிற சகோதரிகள், தையல் மிஷின் ஓட்டுகிறவர்கள், முதல் சில நாள் கவனமாக இருங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், கொஞ்சம் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுங்கள். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் தலைசுற்றல் இன்னும் கூடும்.

மூத்திரம் வராமல் அடைத்துக்கொண்டால், நெஞ்சு படபடத்தால், மயக்கம் போட்டால், கண் வலித்து மங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

* இதய நோய், மாரடைப்பு வந்தது
* வலிப்பு, கண் அழுத்த நோய், தைராய்டு
* ஒரு சமயம் அளவுக்கு மீறிய உற்சாகம், ஒரு சமயம் சோர்வு என்று மாறி மாறி வருவது
* கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது
* வேறு டாக்டர் கொடுத்த எல்லா மாத்திரையும். முக்கியமாக தூக்க மாத்திரை, சளி மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, மனச்சோர்வுக்கான மற்ற மாத்திரை

வீட்டு ஆம்பளைங்க போட்டுக்கொள்கிறார்கள் என்றால் குடிப்பழக்கத்தையும் சொல்லுங்கள். சாராயமும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து.

இன்னொரு விஷயம். கால் எரிச்சலுக்கு வரும் சில கூட்டு மாத்திரைகளில் நார்ட்ரிப்டிலின் சேர்ந்தே இருக்கும். சில கூட்டு மாத்திரைகளில் அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசிபாக்சைடு என்ற அமைதி மருந்தும் இருக்கும். அது நாள்பட்டால் பழக்கமாகிவிடக்கூடியது. ஒரு டாக்டர் ஒன்றும் இன்னொரு டாக்டர் இன்னொன்றும் கொடுத்து, ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகலாம். அதனால் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நெஞ்சைப் பிடிப்பது எப்படி?

பாட்டியின் கேள்விக்கு வருகிறோம். அளவோடு இருந்தால் இது நரம்பை ஆற்றும். அளவு மீறினால் இதயத் துடிப்பை நடத்தும் மின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். வலிப்பும் வரலாம், நினைவும் தப்பலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 25 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அளவு. குழந்தை ஒன்றே ஒன்று விழுங்கியிருந்தாலும் "பார்க்கலாம்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. முதலில் நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும், சில மணி நேரத்துக்குள் நிலைமை மாறிவிடும்.

அப்போது செய்ய வேண்டியது: 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏறுங்கள். அட்டையைக் கையோடு எடுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாதி வழியில் வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும்.

பெரியவர்கள் மனசு உடைந்து அதிகம் போட்டுக்கொண்டாலும் இதேதான். "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று பயந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*"எனக்குத் தூக்கம் வரலைன்னு பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு குடுத்தாங்க. போடலாமா?"*

கூடாது. அரிசி, சர்க்கரை, ஐந்நூறு ரூபாய், எல்லாம் கைமாத்து கொடுக்கலாம். மாத்திரை மட்டும் கூடாது. அவருக்கு ஏற்றது உங்கள் இதயத்துக்கு ஏற்காமல் போகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் இது விற்கக் கூடாத மருந்து. கடையில் தெரிந்தவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

*"நல்லாயிட்டேன், நிறுத்திடலாமா?"*

திடீரென்று நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, பதட்டம் வரும். நோயும் திரும்பலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். 2015 டிசம்பரில் அடையாறு வெள்ளம் நம் வீடுகளுக்குள் வந்தபோது மருந்தும் சீட்டும் சேர்ந்தே போனது. அதனால் சீட்டை ஒரு செல்போன் படமாவது எடுத்து வையுங்கள்.

*"ஒரு நாள் மறந்துட்டா?"*

அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது. வழக்கமான ஒன்றுதான்.

பெட்டியும் சாவியும்

கடைசியாக ஒன்று. மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் உடம்பில் தெம்பு முதலில் வரும், மனசு பிறகுதான் தேறும். அந்த நேரத்தில் சில பேருக்கு, முக்கியமாக 25 வயசுக்குள் இருப்பவர்களுக்கு, தவறான எண்ணம் கூடலாம். அவர்களைத் தனியாக விடாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு ஊர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். அதன் அறிக்கை 2013-ல் வந்தது. ஆத்திரத்தில் கை நீட்டும்போது கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது என்பதுதான் அந்த யோசனை.

இது நமக்குப் புதுசா? குழுப் பணப்பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் கையில் என்று வைத்துப் பழகியவர்கள் நாம். பணத்துக்குச் செய்ததை மாத்திரைக்கும் செய்வோம். ஒரு பழைய டப்பா, ஒரு சின்னப் பூட்டு, உயரமான அலமாரி. இவ்வளவுதான் செலவு.

மனசு சரியில்லை என்றால் கட்டணமில்லாத 14416 டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. அந்தப் பெயரைக் கேலிக்குச் சொல்வதை நாம் நிறுத்துவோம். அங்கே போய்க் குணமாகி வந்து நம் பக்கத்திலேயே உட்கார்ந்து தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் கடன் வசூல் கேட்கும் முன்பு ஒவ்வொரு ஊக்குநரும் கேட்கப் போகும் கேள்வி இதுதான்: "உங்க வீட்டு மாத்திரை எங்கே இருக்கு?" சுருக்குப் பையில் என்று யாரும் சொல்லாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பேரன் இப்போது நம் கூட்டத்துக்கு வந்து ஓடி விளையாடுகிறான். பாட்டி டப்பாவும் பூட்டும் வாங்கிவிட்டார். சாவி மருமகளிடம்.